நம்மை எதிர்பார்த்து ஒருவர்



நம் இதழுக்கு வரும் கடிதங்களில் பல, கதையைப் பற்றியோ தொடரைப் பற்றியோ தொடங்கி, கடைசிப் பத்தியில் ஒரே இடத்துக்கு வந்து சேர்கின்றன. "இப்போதெல்லாம் என்னால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை." லோகோ ஷெட்டிலும் ஒர்க்‌ஷாப்பிலும் காலமெல்லாம் உழைத்து ஓய்வுபெற்றவர்கள் இதை எழுதுகிறார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் பெங்களூருக்கும் போய்விட, வீட்டில் தனித்திருக்கும் அம்மாக்கள் எழுதுகிறார்கள். இருபத்தைந்து, இருபத்தெட்டு வயதுப் பிள்ளைகளும் இதையே எழுதும்போதுதான் எனக்கு மனது தாங்குவதில்லை. ரயில்வே தேர்வு, குரூப் 4 என்று வருஷம் தவறாமல் எழுதுகிறவர்கள் அவர்கள். ஒன்றிரண்டு மதிப்பெண்ணில் வேலை கைநழுவிப் போகிறது. "என்ன தம்பி பண்றே என்று கேட்பார்களே என்று கல்யாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டேன் சார்" என்று அவர்களில் ஒருவர் எழுதியிருந்தார்.

நம் ஊரான அரக்கோணத்தில் இந்த வலி சற்றுக் கூடுதல் என்று நினைக்கிறேன். 1856-ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது இந்த வழியாகத்தான். அதன்பின் நான்கு திசைக்கும் தண்டவாளம் பிரியும் ஜங்ஷனாக ஊர் வளர்ந்தது. இங்கே ஒருவரை அறிமுகம் செய்யும்போது பெயருக்கு அடுத்தபடியாக எந்த டிபார்ட்மென்ட் என்று சொல்லுவது பழக்கம். டிபார்ட்மென்ட் கிடைக்காத பிள்ளைக்கும், அதிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவருக்கும் ஒரே நேரத்தில் முகவரி இல்லாமல் போய்விடுகிறது.

இவர்களுக்கு ஊர் சொல்லும் ஆறுதல் எனக்குத் தெரியும். உன்னை நீயே மதி, கண்ணாடி முன்னால் நின்று என்னால் முடியும் என்று சொல், நல்லதையே நினை. இதைச் சொல்லுகிறவர்களின் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் மனது கெட்டிக்காரத்தனமானது. ஆதாரம் இல்லாமல் எதையும் நம்பாது. நாம் வேண்டப்பட்டவர் என்பதற்கு அது கேட்கும் ஆதாரம், வெளியில் வேறொருவர் முகத்தில்தான் கிடைக்கிறது. இதை விளக்க நான் தொலைதூரம் போக வேண்டியதில்லை. இங்கிருந்து ரயிலேறினால் ஒரு மணி நேரத்தில் காட்பாடி. அங்கே இறங்கினால் வேலூர்.

வேலூர் சி.எம்.சி.யில் மேரி வர்கீஸ் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். 1925-ல் கேரளத்தில் கொச்சிக்குப் பக்கத்துச் செராயியில் பிறந்தவர். வேலூரிலேயே எம்.பி.பி.எஸ். படித்து, மகப்பேறு மருத்துவத்தில் மேலே போகவேண்டும் என்று விரும்பியவர். 1954-ன் தொடக்கத்தில் சக டாக்டர்களோடு வெளியே போன வண்டி கவிழ்ந்தது. மற்றவர்கள் பிழைத்துத் தேறினார்கள். மேரிக்கு முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே உணர்வும் அசைவும் போயின. முகத்தில் ஆழமான காயத் தழும்பு. வயது முப்பதைத் தொடவில்லை. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கான மறுவாழ்வுச் சிகிச்சை என்ற துறையே அப்போது நம் நாட்டில் வேர் பிடித்திருக்கவில்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீரகத் தொற்றும் கொண்டுபோய்விடும் என்பதுதான் பலருடைய நிலை.

இங்கே நடந்த ஒரு விஷயத்தைத்தான் நான் பல நாள் யோசித்திருக்கிறேன். அவரைச் சுற்றி இரக்கத்துக்குப் பஞ்சமில்லை. படித்த கல்லூரி, பழகிய டாக்டர்கள், பாசமான குடும்பம். இரக்கம் அவரைக் காப்பாற்றியது, ஆனால் எழுப்பவில்லை. எழுப்பியது பால் பிராண்ட் என்ற அறுவை சிகிச்சை நிபுணர் முன்வைத்த ஒரு யோசனை. தொழுநோயாளிகளின் கை அறுவை சிகிச்சையை உட்கார்ந்துகொண்டே செய்யலாம், கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டார் அவர்.

பிராண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 1914-ல் நம் கொல்லிமலையில், மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்தவர். இங்கிலாந்தில் படித்துவிட்டு 1946-ல் வேலூருக்கு வந்தார். செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல்கள் உள்ளே மடங்கிக் கொக்கிபோல் ஆகிவிட்ட கைகளைப் பார்த்தார். தோலை ஒட்டி, உடம்பின் குளிர்ந்த பகுதிகளில் ஓடும் நரம்புகளைத்தான் இந்த நோய் தாக்குகிறது. முழங்கைக்கு அருகில் நரம்பு செத்துவிட்டால் உள்ளங்கைத் தசைகள் வேலை செய்யாது. ஆனால் முன்கையின் தசைகள் பல நல்ல நிலையில் இருக்கும். அப்படி நன்றாக இருக்கும் ஒரு தசையின் நாணை எடுத்து விரல்களில் கொண்டுபோய் இணைத்தால், மடங்கிய விரல் நிமிரும். அதன்பின் வாரக்கணக்கில் பயிற்சி. ஒரு வேலைக்காகப் பிறந்த தசைக்கு இன்னொரு வேலையைக் கற்றுக்கொடுக்க வேண்டும் அல்லவா.

கை அறுவை சிகிச்சையில் நோயாளியின் கை சிறு மேசை மீது இருக்கும். டாக்டர் எதிரே உட்கார்ந்து செய்வார். கால் வேலை செய்யாதது அங்கே குறையாகாது. விரல் நுனியும் கண்ணும் பொறுமையும் இருந்தால் போதும். அவை மேரியிடம் இருந்தன. சக்கர நாற்காலியில் அறுவை அரங்குக்குள் போனார். அன்றைக்குத் தொழுநோய் வந்தவரை வீடு தள்ளியது, ஊர் தள்ளியது, பேருந்தில் ஏற்றமாட்டார்கள். அப்படிப்பட்டவர் தன் கையை நீட்டி உட்கார்ந்திருக்கிறார். எதிரில் வந்து அமர்வது நடக்கவே முடியாத ஒரு பெண். அவர்தான் டாக்டர். அந்த நோயாளிகளுக்கு அதைவிடப் பெரிய தைரியம் யார் சொல்லியிருக்க முடியும்? மேரிக்கும் அங்கேதான் தன் மீது நம்பிக்கை திரும்பியது. நிமிர்ந்த ஒவ்வொரு விரலும் அவருக்குக் கிடைத்த சாட்சி.

அதன்பின் அவர் நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் தன்னைப் போன்றவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில், இந்தத் துறையின் முன்னோடியான ஹோவர்ட் ரஸ்க் என்பவரின் நிறுவனத்தில் படித்தார். திரும்பி வந்து 1963-ல் வேலூரில் உடலியல் மருத்துவம், மறுவாழ்வுத் துறையின் தலைமைப் பொறுப்பை ஏற்றார்.  1966-ல் பாகாயத்தில் உள்நோயாளிகளுக்கான மறுவாழ்வு நிறுவனம் திறக்கப்பட்டது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் தவறியவர்கள், லாரி விபத்தில் சிக்கியவர்கள் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே மறுபடியும் வாழக் கற்றுக்கொண்டார்கள். 1972-ல் பத்மஸ்ரீ கிடைத்தது. 1986-ல் காலமானார். அந்த நிறுவனம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இதில் நான் உங்களிடம் சொல்ல விரும்புவது ஒன்றே. மேரிக்குத் தன்மதிப்பு திரும்பியது பொதுவாக நல்லவராக இருந்ததால் அல்ல. அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு வேலை இருந்தது. அதை எதிர்பார்த்து ஒருவர் கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார். நாளைக்கும் காத்திருப்பார். தெரிந்த வேலை, எதிர்பார்க்கும் ஆள், மறுநாளும் போகவேண்டிய கட்டாயம். இந்த மூன்றும் ஒரு மனிதரைத் தூக்கி நிறுத்துகின்றன.

பிராண்டின் அனுபவத்தில் இன்னொரு சம்பவம் உண்டு, அவரே பலமுறை சொன்னது. கை சரியாகி ஊருக்குப் போன சிலர் வாடிய முகத்தோடு திரும்பி வந்தார்கள். விரல் மடங்கியிருந்த வரைக்கும் பார்ப்பவர்கள் காசு போட்டார்கள். இப்போது கை நன்றாக இருக்கிறது, பிச்சை விழுவதில்லை. நோயின் அடையாளம் உடம்பில் மிச்சமிருப்பதால் வேலையும் யாரும் தருவதில்லை. கையைச் சரிசெய்ததால் அவர்களுக்கு இருந்த ஒரே பிழைப்பும் போயிற்று! இதைக் கேட்டுப் பிராண்ட் கலங்கிப்போனார். அதன் விளைவுதான் 1950-களின் தொடக்கத்தில் உருவான நவஜீவ நிலையம். தச்சு வேலை, மரப்பொம்மை செய்வது என்று அங்கே தொழில் கற்றுக்கொடுத்தார்கள். வாங்குகிற கையாக மட்டுமே இருந்தது, பிறருக்கு ஒரு பொருளைச் செய்து கொடுக்கிற கையாயிற்று. சிகிச்சை அப்போதுதான் முடிந்தது என்று சொல்லவேண்டும்.

உதவி செய்கிறவர்களாகிய நாம் இதை அடிக்கடி மறந்துவிடுகிறோம். கொடுக்கும் இடத்தை நாமே வைத்துக்கொண்டு, வாங்கும் இடத்தை மட்டும் மற்றவருக்கு விடுகிறோம். அரிசி மூட்டையைக் கையில் கொடுத்து, நடுவில் நின்று போட்டோ எடுத்து, அதை ஃப்ளெக்ஸில் போடுகிறவர்களைப் பார்க்கும்போது, படத்தில் தலைகுனிந்து நிற்கும் அந்த அம்மாவின் முகம்தான் எனக்கு முதலில் தெரிகிறது. அரிசி கிடைத்தது. அதற்கு அவர் கொடுத்த விலை என்ன?

உதவுகிறவருக்கே உதவி அதிக நன்மை செய்யக்கூடும் என்பதை 1965-ல் ஃபிராங்க் ரீஸ்மன் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கோட்பாடாகவே எழுதினார். அதற்கு முப்பது வருஷம் முன்பே அது நடைமுறையில் இருந்தது. 1935 மே மாதம், பில் வில்சன் என்ற பங்குத் தரகர் ஆக்ரன் என்ற ஊருக்கு வேலையாகப் போயிருந்தார். குடியை விட்டுச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. போன காரியம் கெட்டது. தங்கியிருந்த ஓட்டலில் மதுக்கூடம் வா வா என்றது. அவர் தொலைபேசிப் பக்கம் போய், இந்த ஊரில் குடியால் தவிக்கும் ஒருவரோடு நான் பேசவேண்டும் என்று தெரிந்த தெரியாத பாதிரியார்களிடமெல்லாம் கேட்டார். அப்படித்தான் டாக்டர் பாப் ஸ்மித்தைச் சந்தித்தார். எதிரில் இருந்தவருக்குக் கைகொடுத்ததால் தானும் அன்று குடிக்காமல் தப்பினார். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்று உலகமெங்கும் பரவிய இயக்கம் அங்கே பிறந்தது. நம் சென்னையில் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் குடிநோயாளிகளுக்காக 1980-ல் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றியிருக்கிறது. தன் துக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் தவிக்கும் பெண்கள் அவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

இனி நம் ஊருக்கு வருவோம்.

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணிச் சாலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. காவடியும் அரோகராவும் பம்பைச் சத்தமுமாக ஊர் ஊராக ஜனம் நடக்கிறது. வழியெங்கும் பந்தல் போட்டு நீர்மோர், பானகம், சாம்பார் சாதம். வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களில் நான் மேலே சொன்ன தேர்வு எழுதும் பிள்ளைகள் பலர் உண்டு. அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பாருங்கள். யாரும் அவர்களை என்ன பண்றே என்று கேட்பதில்லை. தம்பி இங்கே கொஞ்சம் மோர் என்றுதான் கேட்கிறார்கள். தெப்பத் திருவிழா முடிந்து பந்தல் பிரித்ததும் அந்த முகம் மறுபடி வாடுகிறது. புண்ணியம் வந்தது, மறுநாள் எதிர்பார்ப்பவர் இல்லை. அன்னதானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை, அந்த மோரைக் குடித்துவிட்டு மலையேறியவன்தான் நானும். ஒரு நாள் சேவை ஒரு நாளைக்கு மட்டுமே தாங்கும் என்று சொல்லுகிறேன்.

தொடர்ந்து செய்த பயிற்சி என்ன தரும் என்பதற்கு 2015 டிசம்பர் முதல் வாரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையம் வெள்ளத்தில் மூழ்கி மூடப்பட்டபோது, பயணிகள் விமானங்கள் நம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படைத் தளத்திலிருந்துதான் பறந்தன.  அதே வாரத்தில் அரக்கோணத்தில் முகாம் கொண்டிருக்கும் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் நான்காவது பட்டாலியன் படகுகளோடு சென்னைத் தெருக்களில் இறங்கியது. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005-ல் வந்து, மறுவருஷம் உருவான படை அது. 2014-ல் மவுலிவாக்கத்தில் பதினொரு மாடிக் கட்டடம் இடிந்தபோதும் இடிபாட்டுக்குள் புகுந்தவர்கள் இவர்கள்தான். கான்கிரீட்டை எந்த இடத்தில் வெட்டினால் மேலே இருப்பது சரியாது, உள்ளே இருப்பவரின் முனகலைக் கேட்க எப்போது எல்லா இயந்திரத்தையும் நிறுத்தவேண்டும் என்பதெல்லாம் நல்ல மனது மட்டும் இருந்தால் தெரிந்துவிடாது. மழை இல்லாத மாதங்களில் செய்த பயிற்சி அது. உதவ ஓடிவரும் நம் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். நீச்சல் தெரியாமல் வெள்ளத்தில் குதித்த நல்லவர்களையும் சேர்த்து மீட்கவேண்டியிருந்தால் படை என்ன செய்யும்?

படகும் கட்டிங் மெஷினும் எல்லாருக்கும் வராது. சாயங்காலம் ஒரு மணி நேரம் எல்லாரிடமும் இருக்கிறது. கொரோனாவால் பள்ளி மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபரில் அரசு தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலர்களாக வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். பட்டம் வாங்கி, கல்யாணமாகி, அந்தச் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்திருந்தவர்கள். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகையைக் கணக்குப் பார்த்து யாரும் வந்திருக்க மாட்டார்கள். ஐந்து மணிக்குப் பிள்ளைகள் வந்து வாசலில் உட்கார்ந்துவிடும். தலைவலி என்று படுத்திருக்க முடியாது. அந்த முடியாது என்பதில்தான் ஒரு பெண் தன்னை மறுபடி கண்டுகொள்கிறாள்.

இந்த இடத்தில் ஒன்றை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் இந்தப் பக்கத்தைத் தவறாகப் பயன்படுத்துவார்கள். பிறருக்கு உதவினால் தன்மதிப்பு வரும் என்றால், காலை நான்கரை மணிக்கு எழுந்து, மாமனாருக்குக் கஷாயமும் பிள்ளைக்கு டிபன் பாக்ஸும் கணவருக்கு அயர்ன் செய்த சட்டையும் தந்து, இரவு பதினோரு மணிக்குப் படுக்கும் நம் வீட்டுப் பெண்களுக்கு அது மலைபோல் இருக்க வேண்டும். இருக்கிறதா? அவர்களுடைய உதவிக்குப் பெயர் கடமை. அதற்கு நன்றி சொல்லும் வழக்கம் இல்லை. மறுக்கும் உரிமை இல்லை. மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பது மனிதரைத் தேய்க்கத்தான் செய்யும். மேரி வர்கீஸ் முடியாது என்று சொல்லியிருக்கலாம், முடியும் என்று அவரே சொன்னார். அந்த உரிமை முக்கியம். ஆகவே அம்மா, அண்ணி, அக்கா இன்னும் கொஞ்சம் தியாகம் செய்யவேண்டும் என்பதற்கு இந்தப் பக்கத்தை யாரும் சாட்சிக்கு இழுக்கவேண்டாம். அவர்கள் வீட்டில் இன்று ராத்திரி பாத்திரத்தை வேறொருவர் கழுவட்டும். அதிலும் ஒருவருக்குத் தன்மதிப்பு வரும்.

ஓய்வுபெற்ற பெரியவர்களுக்கு நான் தனியாகக் கடிதம் எழுதுவதற்குப் பதில் இங்கேயே எழுதிவிடுகிறேன். ஐயா, உங்களுக்கு என்ன தெரியும் என்று ஒரு காகிதத்தில் எழுதுங்கள். டி.டி.இ.யாக இருந்தவருக்கு இந்தி சரளமாக வரும், வங்க மொழியும் கொஞ்சம் புரியும். வங்காளத்திலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் ஸ்கேன் கவரை மார்போடு அணைத்துக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போகும் குடும்பங்கள் இந்த வழித்தட ரயில்களில் தினமும் போகின்றன. காட்பாடியில் இறங்கி ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுப்பது, எங்கே தங்குவது என்று தெரியாமல் விழிக்கும் அவர்களுக்கு உங்கள் இந்தி ஒரு பெரிய சொத்து. ஃபிட்டராக இருந்தவர் ஒரு ஐ.டி.ஐ. மாணவனுக்கு மைக்ரோமீட்டர் பிடிக்கும் விதத்தைச் சொல்லித்தரலாம், அது எந்த யூடியூப் வீடியோவிலும் உங்கள் கையளவு துல்லியமாக வராது. ஆபீசில் இருந்தவருக்கு மனு எழுதத் தெரியும். முதியோர் உதவித்தொகைக்கும் பட்டா மாறுதலுக்கும் யாரிடமோ நூறு இருநூறு கொடுத்து எழுதி வாங்கும் பாட்டிகள் உங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள்.

தேர்வு எழுதும் பிள்ளைகளே, உங்களுக்கும் இதுதான். ஐந்து வருஷம் கணக்கும் பொது அறிவும் படித்திருக்கிறீர்கள். தேர்வாணையம் அதை எடுத்துக்கொள்ளவில்லை. பத்தாம் வகுப்பில் கணக்கைக் கண்டு நடுங்கும் பையன் எடுத்துக்கொள்வான். சொல்லிக்கொடுத்தால் உங்கள் படிப்பும் உறுதிப்படும். படிப்பதை நிறுத்த வேண்டாம், முயற்சியை விடவேண்டாம். முடிவு வரும் நாள்வரை உங்கள் மதிப்பை அந்த முடிவிடம் அடகு வைக்கவேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்த இதழிலிருந்து "எனக்குத் தெரிந்தது" என்று ஒரு பக்கத்தை ஒதுக்குகிறோம். அரக்கோணம், திருத்தணி, நெமிலி, தக்கோலம், சோளிங்கர் பக்கத்து வாசகர்கள் ஒரு தபால் அட்டையில் மூன்று வரி எழுதுங்கள். என்ன தெரியும், வாரத்தில் எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு. பெயரும் கைபேசி எண்ணும் அச்சில் வராது, அலுவலகத்திலேயே இருக்கும். வாரம் ஒரு மணி நேரத்துக்கு மேல் தருவதாக முதலிலேயே எழுதாதீர்கள். ஆறு மாதம் தொடர்ந்து தரமுடிந்த அளவை மட்டும் எழுதுங்கள். உதவி வேண்டும் என்று எழுதுகிறவர்களிடமும் எங்களுக்கு ஒரு கேள்வி உண்டு, அதற்கும் ஒரு வரி ஒதுக்கிப் பதில் எழுதுங்கள்: உங்களால் பிறருக்கு என்ன செய்து தரமுடியும்? பூத்தொடுக்கத் தெரியும் என்றாலும் எழுதுங்கள், ஒரு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வேன் என்றாலும் எழுதுங்கள். யாரை யாரோடு சேர்ப்பது என்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்